அமெரிக்கா மேற்கே விரிஞ்சப்போ மக்களுக்கும் மண்ணுக்கும் என்ன ஆச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவ்பாய் காமிக்ஸ் படிச்சு வளர்ந்தவங்க, மகன் வீட்டுக்கு கலிபோர்னியா போயிட்டு வந்த அப்பா அம்மாங்க, அங்கயே செட்டிலாகி பசங்களோட ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு கூட உக்காந்திருக்கவங்க, எல்லாரும் எங்கிட்ட கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன், கேட்டவங்க வார்த்தைய மாத்தல. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், மக்களுக்கு நடந்ததை ஒரு பாடமாவும் ஆறு, காடு, மிருகத்துக்கு நடந்ததை இன்னொரு பாடமாவும் புஸ்தகத்துல பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஆனா நடந்தப்போ ரெண்டும் ஒரே வேலையாத்தான் நடந்துச்சு, அதனால நான் பிரிக்கல.

அமெரிக்கா ஆரம்பத்துலேர்ந்தே இவ்ளோ பெரிய நாடுதானே? மேற்கு விரிவாக்கம்னா என்ன?

இல்ல. 1783-ல சுதந்திரம் உறுதியானப்போ அதோட மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறுதான். 1803-ல பிரான்ஸ்கிட்டேர்ந்து லூசியானான்னு ஒரு பெரிய பரப்பை ஒண்ணரை கோடி டாலருக்கு வாங்குனாங்க, நாடு ஏறக்குறைய டபுள் ஆச்சு. 1845-ல டெக்சாஸ், 1846-ல பிரிட்டனோட பேசி ஒரேகான் பக்கம், 1848-ல மெக்சிகோவை போர்ல தோக்கடிச்சு கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனாவோட பெரும்பகுதின்னு 65 வருஷத்துல பசிபிக் கடல் வரைக்கும் போயாச்சு. அதுக்கப்புறம் 1890 வரைக்கும் நடந்ததுல பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ள ஏற்கெனவே இருந்தவங்களை ஒதுக்கிட்டு உள்ள குடியேறினதுதான்.

அப்போ அங்க யாருமே இல்லையே, காலி நிலம்தானே?

இந்தக் கேள்விதான் அதிகமா வரும். இன்னைக்கு செயின்ட் லூயிஸ் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல கஹோக்கியான்னு ஒரு நகரம் இருந்துச்சு, சுமார் 900 வருஷத்துக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான பேர் வாழ்ந்த ஊரு, அங்க மனுஷங்க மண்ணைச் சுமந்து கட்டின மேடு இன்னைக்கும் 100 அடி உயரத்துக்கு நிக்குது. மிசௌரி ஆத்தோரம் மாண்டன் மக்கள் சோளம் போட்டு கிராமமா வாழ்ந்தாங்க, தென்மேற்குல பியூப்லோ மக்கள் வாய்க்கால் வெட்டி விவசாயம் பண்ணாங்க, வடமேற்கு ஆறுகள்ல சால்மன் மீனை நம்பியே பெரிய பெரிய ஊருங்க இருந்துச்சு.

காலியா தெரிஞ்சதுக்கு இன்னொரு காரணம் உண்டு. கலிபோர்னியாவுல பூர்வகுடிங்க வருஷா வருஷம் சின்னச் சின்னதா தீ வெச்சு புல்லையும் புதரையும் ஒழுங்குல வெச்சிருந்தாங்க, அதனால காடு அடைசல் இல்லாம ஓக் மரமும் புல்வெளியுமா அழகா இருக்கும். வெள்ளைக்காரங்க வந்து பாத்துட்டு இயற்கையே இப்படித்தான்னு நினைச்சாங்க. 1850-ல கலிபோர்னியா போட்ட ஒரு சட்டத்துல புல்வெளிக்கு தீ வெச்சா தண்டனைன்னே ஒரு பிரிவு இருந்துச்சு. நூறு வருஷத்துக்கு மேல தீ வெக்காம சேர்ந்த விறகும் குப்பையும்தான், கூடவே இப்ப ஏறிட்டிருக்கிற வெயிலும்தான், இன்னைக்கு அங்க காட்டுத்தீ இவ்ளோ மோசமா பிடிக்கிறதுக்கு பெரிய காரணம். இப்போ யூரோக், காருக் மக்களை கூப்பிட்டு பழைய மாதிரி தீ வெக்கச் சொல்றாங்க.

பிரான்ஸ்கிட்ட காசு கொடுத்து முறையா வாங்கிட்டாங்கல்ல, அப்புறம் என்ன தப்பு?

பிரான்ஸ் வித்தது நிலத்தை இல்ல, அந்த நிலத்து மேல மத்த ஐரோப்பிய நாடு யாரும் உரிமை கொண்டாட மாட்டாங்கங்கிற ஒரு உறுதியத்தான். அந்தப் பரப்புல பெரும்பகுதியில பிரெஞ்சுக்காரங்க காலடியே பட்டதில்ல. அங்க வாழ்ந்தவங்ககிட்ட யாரும் கேக்கவும் இல்ல.

1823-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லுச்சு, ஜான்சன் எதிர் மெக்கின்டோஷ்னு அந்தக் கேஸுக்குப் பேரு. பூர்வகுடிங்களுக்கு நிலத்துல குடியிருக்கிற உரிமை மட்டும் உண்டு, முழு உடைமை "கண்டுபிடிச்ச" நாட்டுக்குத்தான், அவங்க விக்கணும்னா அமெரிக்க அரசாங்கத்துக்கு மட்டும்தான் விக்க முடியும்னு. வாங்குறவன் ஒருத்தன்தான்னா விலைய யாரு முடிவு பண்ணுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

பெரும்பாலும் நோய்லதானே செத்தாங்க? அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாதுல்ல?

நோய்ல நிறைய பேர் செத்தது உண்மை. 1837-ல ஒரு ஃபர் கம்பெனியோட நீராவிப் படகுல மிசௌரி ஆத்துல பெரியம்மை வந்து, மேல சொன்ன மாண்டன் மக்கள் ஆயிரத்தி ஐநூறுக்கு மேல இருந்தவங்க நூத்திச் சொச்சமா சுருங்கிட்டாங்க. ஆனா அப்போவே அம்மைக்கு தடுப்பூசி இருந்துச்சு. 1832-ல பூர்வகுடிங்களுக்கு தடுப்பூசி போட அமெரிக்காவே ஒரு சட்டம் போட்டுச்சு, அது மாண்டன் மாதிரி ஆத்தோட மேல்பகுதியில இருந்தவங்க வரைக்கும் போகல.

கிருமிக்கு மட்டும் பழிய போட்டுட்டு நகர முடியாது. பட்டினியில இருக்கவங்க, வீட்ட விட்டு துரத்தப்பட்டவங்க, அடைச்சு வெச்சிருந்த முகாம்ல நெருக்கி இருந்தவங்க, இவங்கதான் வயித்துப்போக்குலயும் தட்டம்மையிலயும் செத்தாங்க. 1900 சென்சஸ்ல மொத்த அமெரிக்காவுலயும் பூர்வகுடிங்க ரெண்டரை லட்சம் பேர்கூட இல்ல.

கண்ணீர்ப் பாதைன்னு சொல்றாங்களே, அது என்ன?

செரோக்கி மக்கள் ஜார்ஜியா பக்கம் இருந்தாங்க. எழுத்து முறை, 1827-ல அரசியல் சாசனம், 1828-ல சொந்த மொழியில செய்தித்தாள், எல்லாம் அவங்ககிட்ட இருந்துச்சு. "நாகரிகமானா இருக்க விடுவோம்"னு சொல்லிட்டு இருந்தவங்க கேட்ட எல்லாமே அவங்க பண்ணிட்டாங்க. ஆனா 1829 வாக்குல அவங்க நிலத்துல தங்கம் கிடைச்சுச்சு, பருத்தி போடவும் அந்த மண்ணு வேணும். 1830-ல ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்துல பூர்வகுடிங்களை மேற்கே அனுப்புற இடப்பெயர்ப்புச் சட்டம் வந்துச்சு. 1832-ல சுப்ரீம் கோர்ட் ஜார்ஜியாவோட சட்டம் செரோக்கி நிலத்துல செல்லாதுன்னு சொல்லியும் நிக்கல. 1835-ல ஒரு சின்ன குழு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை, அவங்க தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கான பேர்கிட்ட கையெழுத்து வாங்கி எதிர்த்தும், செனட் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல பாஸ் பண்ணுச்சு.

1838-ல ஆர்மி வந்து வீடு வீடா ஆளை இழுத்துட்டுப் போய் முகாம்ல அடைச்சு, அங்கேர்ந்து இன்னைக்கு ஒக்லஹோமா இருக்கிற இடத்துக்கு பனிக்காலத்துல நடக்க விட்டாங்க, அதுதான் கண்ணீர்ப் பாதை. சுமார் 16,000 பேர்ல 4,000 பேர் வரைக்கும் செத்ததா கணக்கு சொல்றாங்க. சோக்டா, கிரீக், சிக்கசா, செமினோல் மக்களுக்கும் இதே கதிதான். அவங்க விட்டுட்டுப் போன மண்ணுலதான் அடிமைகளை வெச்சு பருத்தித் தோட்டம் பெருகுச்சு, அதையும் சேத்துப் பாக்கணும். வசதியான செரோக்கிங்க சிலர்கிட்டயே கறுப்பின அடிமைங்க இருந்தாங்க, அந்த அடிமைங்களும் இந்தப் பாதையில நடந்தாங்க, அவங்களைப் பத்தி யாரும் கேக்குறதே இல்ல.

ஒப்பந்தம் போட்டு கையெழுத்து வாங்கித்தானே நிலத்தை எடுத்தாங்க?

370 ஒப்பந்தம் பக்கம் போட்டிருக்காங்க. அதுல ஒண்ணோட கதைய மட்டும் சொல்றேன். 1868-ல ஃபோர்ட் லாரமியில லக்கோட்டா மக்களோட ஒரு ஒப்பந்தம், பிளாக் ஹில்ஸ் மலை அவங்களுக்குத்தான், மாத்தணும்னா வயசுக்கு வந்த ஆம்பளைங்கள்ல நாலுல மூணு பங்கு பேர் கையெழுத்துப் போடணும். 1874-ல அமெரிக்க ஆர்மி அதிகாரி கஸ்டர் படையோட உள்ள போனார், தங்கம் இருக்குன்னு செய்தி பரவுச்சு, கூட்டம் புகுந்துச்சு. 1876 ஜூன்ல லிட்டில் பிக்ஹார்ன்ல லக்கோட்டாங்களோட நடந்த சண்டையில கஸ்டர் செத்தார். காமிக்ஸ்ல அந்தச் சண்டைதான் வரும். அதுக்கப்புறம் நடந்தது வராது: ரேஷனை நிறுத்துவோம்னு மிரட்டி, சுமார் பத்துல ஒரு பங்கு பேர்கிட்ட கையெழுத்து வாங்கி, 1877-ல சட்டம் போட்டு மலைய எடுத்துக்கிட்டாங்க.

1980-ல சுப்ரீம் கோர்ட்டே அது முறையில்லாம எடுத்ததுதான்னு ஒத்துக்கிட்டு வட்டியோட சேத்து 10 கோடி டாலருக்கு மேல நஷ்டஈடு கொடுக்கச் சொல்லுச்சு. அவங்க வாங்கல. மலை விக்கிறதுக்கு இல்லன்னுட்டாங்க. அந்தப் பணம் வட்டி சேர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டி அப்படியே கிடக்கு, வாங்காதவங்க இருக்கிற ரிசர்வேஷன் (பூர்வகுடிங்களுக்குன்னு ஒதுக்கின நிலப்பகுதி) அந்த நாட்டுலயே ரொம்ப ஏழ்மையான இடங்கள்ல ஒண்ணு. நாலு ஜனாதிபதிங்க முகம் செதுக்கின மவுன்ட் ரஷ்மோர் இந்த மலையிலதான் இருக்கு, டூர் போறவங்க இதை தெரிஞ்சுட்டுப் போங்க.

என் பொண்ணு கலிபோர்னியாவுல நாலாவது படிக்கிறா, தங்க வேட்டையப் பத்தி ப்ராஜெக்ட். அது ஒரு நல்ல காலம்தானே?

1848 ஜனவரி 24-ம் தேதி கொலோமாங்கிற இடத்துல மரம் அறுக்கிற மில்லு கட்டும்போது தங்கம் கிடைச்சுச்சு, கொஞ்ச வருஷத்துல சுமார் 3 லட்சம் பேர் வந்து குவிஞ்சாங்க. அந்தப் பகுதியில அப்போ சுமார் ஒண்ணரை லட்சம் பூர்வகுடிங்க இருந்தாங்க. 1870 வாக்குல 30,000 பேர். சுரங்கத்துக்காரங்க ஆயுதத்தோட போய் கிராமத்தையே அழிச்சாங்க, அந்த ரெய்டுக்கு ஆன செலவை மாநில அரசாங்கம் கொடுத்துச்சு, பின்னாடி மத்திய அரசாங்கமும் கொடுத்துச்சு. மேல சொன்னேனே 1850 சட்டம், அதே சட்டத்துல பூர்வகுடி பசங்களை வீட்டு வேலைக்கும் பண்ணை வேலைக்கும் கட்டிப் போட வழி வெச்சிருந்தாங்க, அதனால பசங்களை கடத்துறது ஒரு தொழிலாவே ஆச்சு. 2019-ல கலிபோர்னியா கவர்னர் நியூசம் மாநிலத்து சார்பா இதுக்கு மன்னிப்பு கேட்டார், இனப்படுகொலைன்னே சொன்னார்.

ஒம்போது வயசுப் பொண்ணுக்கு இதை எப்படி சொல்றதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. கொடுமைய விவரமா சொல்ல வேண்டாம், ஆனா "தங்கம் எடுத்த ஆத்தங்கரையில ஏற்கெனவே இருந்தவங்க யாரு, அவங்க பேரு என்ன, அவங்க பேரப்பசங்க இப்போ எங்க இருக்காங்க"ன்னு மூணு கேள்விய ப்ராஜெக்ட்ல சேக்கச் சொல்லுங்க. நிசெனான், மிவோக், மைடு, இவங்க எல்லாரும் இன்னைக்கும் அங்க இருக்காங்க.

தங்கம் தோண்டினா ஆறு எப்படி கெடும்?

முதல்ல தட்டுல மண்ணை அலசி எடுத்தாங்க, அதுல பெரிய சேதாரம் இல்ல. 1853-க்கு அப்புறம் வந்ததுதான் மோசம், மலை மேலேர்ந்து தண்ணிய குழாய்ல இறக்கி பெரிய நாசில் வழியா மலைச்சரிவு மேலயே பீச்சி அடிச்சு மலைய கரைச்சாங்க. கரைஞ்ச சேறு கல்லு எல்லாம் யூபா ஆத்துல இறங்குச்சு. ஆத்தோட படுகை மேரிஸ்வில் ஊரோட தெருவைவிட உசரமா ஏறிடுச்சு, கரைய உசத்தி உசத்தி கட்டினாங்க, 1875-ல வெள்ளம் ஊருக்குள்ள புகுந்துச்சு. கீழ இருந்த விவசாயிங்க நிலமெல்லாம் மணல் மூடிப்போய் கேஸ் போட்டு, 1884-ல நீதிபதி லொரென்சோ சாயர் சுரங்கக் கழிவை ஆத்துல கொட்டக் கூடாதுன்னு தீர்ப்பு கொடுத்தார். சுற்றுச்சூழலுக்காக அந்த நாட்டுல வந்த முதல் பெரிய தீர்ப்புகள்ல இது ஒண்ணு. அந்த 30 வருஷத்துல மலையிலேர்ந்து இறங்கின மண்ணு, பனாமா கால்வாய்க்கு தோண்டின மண்ணைவிட எட்டு மடங்குன்னு பின்னாடி ஒரு புவியியலாளர் கணக்குப் போட்டார்.

மண்ணாவது தெரியும். தெரியாதது பாதரசம். தங்கத்துகளைப் பிடிக்க சேத்துல பாதரசத்தை ஊத்துவாங்க, அதுல நிறைய ஆத்தோட போயிடும். அது இன்னும் அந்தப் படுகையில இருக்கு, மீனுக்குள்ள ஏறுது, அதனால சேக்ரமென்டோ ஆத்துலயும் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுலயும் சில மீனை வாரத்துக்கு இவ்ளோதான் சாப்பிடலாம், கர்ப்பிணிங்களும் சின்னப் பசங்களும் சிலதை தொடவே வேண்டாம்னு இன்னைக்கும் எச்சரிக்கை போடுறாங்க. அங்க வார்ஃப்ல தூண்டில் போடுற நம்ம ஆளுங்க அந்த போர்டை தயவுசெஞ்சு படிங்க.

காட்டெருமைய ஆர்மிதான் சுட்டுத் தள்ளுச்சா? கோடிக்கணக்குல இருந்துச்சுங்கிறது நிஜமா?

3 கோடியிலேர்ந்து 6 கோடி வரைக்கும் இருந்திருக்கும்னு சொல்றாங்க. 1889-ல எண்ணிப் பாத்தப்போ மொத்தமே ஆயிரத்தைச் சுத்திதான். யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க்ல 1902-ல ரெண்டு டஜன்தான் மிஞ்சுச்சு.

சுட்டது பெரும்பாலும் தோல் வியாபாரத்துக்கான வேட்டைக்காரங்க. அதுக்கு முன்னாடியே குதிரை வந்ததுலயும், தோல்போர்வை வியாபாரத்துலயும், வறட்சியிலயும் கூட்டம் குறைய ஆரம்பிச்சிருந்துச்சு, பூர்வகுடிங்களும் விக்கிறதுக்காக வேட்டையாடினாங்க, அதை மறைக்க வேண்டாம். ஆனா 1871 வாக்குல காட்டெருமைத் தோலை பதம் பண்ணி ஃபேக்டரி மெஷினுக்கு பெல்ட் செய்யலாம்னு தெரிஞ்சதும் கதையே மாறிடுச்சு. ரயில் பக்கத்துலயே வந்து நின்னுச்சு, தூரத்துலேர்ந்து சுடுற துப்பாக்கி இருந்துச்சு, தோலை மட்டும் உரிச்சுட்டு கறிய அப்படியே அழுக விட்டாங்க. தெற்கு மந்தை 1879-க்குள்ள முடிஞ்சுச்சு, வடக்கு மந்தை 1883-ல. அப்புறம் எலும்பைப் பொறுக்கி வேகன் வேகனா உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் அனுப்பினாங்க. ஆர்மி எங்க வருதுன்னா, அவங்க இதை தடுக்கல, காட்டெருமை போனா பூர்வகுடிங்க தானா ரிசர்வேஷனுக்கு வந்துடுவாங்கன்னு பெரிய அதிகாரிங்களே வெளிப்படையா நினைச்சாங்க. 1874-ல காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு பாதுகாப்பு மசோதாவை பாஸ் பண்ணி அனுப்பியும் ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போடாம விட்டுட்டார்.

இதுல நம்மளை கலங்க வெக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. 19-ம் நூற்றாண்டுல நாட்டு நடுவுல இருக்கிற புல்வெளிச் சமவெளியில வாழ்ந்த பூர்வகுடிங்க உலகத்துலயே உசரமான மக்கள்ல சேந்தவங்க, அவ்ளோ நல்ல சாப்பாடு. காட்டெருமை போனதும் அதை நம்பியிருந்த சமூகங்கள்ல அடுத்தடுத்த தலைமுறையோட உசரமே குறைஞ்சுச்சுன்னு பொருளாதார ஆய்வாளர்கள் காட்டியிருக்காங்க. சாப்பாடு, வீடு, துணி, கருவி, சாமி கும்பிடுறது எல்லாமே ஒரு மிருகத்தோட கட்டியிருந்தப்போ அந்த மிருகத்தை எடுத்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

ரயில் ரோடு போட்டது முன்னேற்றம்தானே?

1869 மே 10-ம் தேதி யூட்டாவுல ப்ரமோன்டரியில ரெண்டு பக்கத்துத் தண்டவாளமும் சேந்துச்சு, மாசக்கணக்கான பயணம் ஒரு வாரத்துப் பயணமா ஆச்சு. மேற்குப் பக்கத்து வேலையில பத்துல ஒம்போது பேர் சீனாவுலேர்ந்து வந்தவங்க. சியாரா நெவாடா மலைய பனிச்சரிவுக்கு நடுவுல வெடி வெச்சுக் குடைஞ்சாங்க. 1867 ஜூன்ல சம்பளத்துக்காக ஸ்ட்ரைக் பண்ணப்போ சாப்பாட்டை நிறுத்தி வேலைக்கு திரும்ப வெச்சாங்க. வேலை முடிஞ்சு 13 வருஷத்துல, 1882-ல, சீனத் தொழிலாளிங்க நாட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு சட்டம். 1885-ல வயோமிங்ல ராக் ஸ்பிரிங்ஸ்ங்கிற சுரங்க ஊர்ல 28 சீனர்களை கொன்னாங்க.

ரயில் கம்பெனிங்களுக்கு மத்திய அரசாங்கம் கொடுத்த நிலம் மட்டும் சுமார் 13 கோடி ஏக்கர். அது யாரோட நிலம்ங்கிறதுக்கு மேல பதில் இருக்கு.

குடியேறினவங்களும் ஏழைப்பட்டவங்கதானே, அவங்களை ஏன் குத்தம் சொல்லணும்?

ஏழைங்கதான், அவங்க பாடும் சின்னப் பாடு இல்ல. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 5 வருஷம் குடியிருந்து பயிர் பண்ணா 160 ஏக்கர் கிட்டத்தட்ட சும்மாவே கிடைக்கும். மொத்தம் 27 கோடி ஏக்கர் இப்படிப் போச்சு, அந்த நாட்டு நிலத்துல பத்துல ஒரு பங்கு. கல்யாணம் ஆகாத பொண்ணுங்க, விதவைங்க தனியா நிலம் வாங்குனாங்க. 1879-ல தெற்குல வெள்ளைக்காரங்களோட வன்முறைக்கு தப்பிச்சு ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவர் கான்சாஸ் வந்தாங்க, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்த கறுப்பினத்தவர் அங்க உண்டாக்கின நிக்கோடெமஸ் ஊர் இன்னும் இருக்கு. அந்த ஆளுங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நிலத்தைப் பறிச்சு, அதை ஏழைக்கு கொடுத்து, ஏழையையே காவலுக்கு நிறுத்தின ஏற்பாட்டைத்தான் சொல்றேன்.

அதே 1862-ல இன்னொரு சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து அதை வித்து காலேஜ் ஆரம்பிக்கச் சொல்லுச்சு. ஒரு கோடி ஏக்கருக்கு மேல. கார்னெல், பர்டூ, பெர்க்லி எல்லாம் அந்தப் பணத்துல பலனடைஞ்சதுதான், நம்ம பசங்க எத்தனை பேர் அங்க படிச்சிருக்காங்க.

1887-ல டாஸ் சட்டம்னு வந்து ரிசர்வேஷன் நிலத்தையும் குடும்பத்துக்கு குடும்பம் துண்டு போட்டு, "மிச்சத்தை" வெளியாளுங்களுக்கு வித்தாங்க. 13.8 கோடி ஏக்கர் இருந்தது 1934-ல 4.8 கோடி ஆச்சு. துப்பாக்கி சத்தமே இல்லாம போன நிலம் இது, படத்துல வராததும் அதனாலதான்.

1930-கள்ல வந்த புழுதிப்புயலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது வறட்சிதானே?

வறட்சி அந்தச் சமவெளிக்கு புதுசு இல்ல, எத்தனையோ தடவை வந்திருக்கு. முன்னாடியெல்லாம் மண்ணைப் பிடிச்சு வெச்சது புல்லு, அதோட வேர் பல அடி ஆழத்துக்கு போகும். நாட்டு நடுவுல வடக்கு தெற்கா ஓடுற நூறாவது தீர்க்கரேகைக்கு மேற்கே வருஷத்துக்கு 20 இன்ச் மழைகூட ஒழுங்கா வராது, அங்க 160 ஏக்கர்ல குடும்பம் பிழைக்காது, தண்ணி இருக்கிற இடத்தை வெச்சுத்தான் குடியேத்தணும்னு புவியியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-லயே அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் கொடுத்தார். யாரும் கேக்கல. உழுதா பின்னாடியே மழை வரும்னு ரயில் கம்பெனிங்களும் நிலம் விக்கிறவங்களும் பிரசாரம் பண்ணாங்க, சில வருஷம் நல்ல மழை பெஞ்சதால ஜனங்க நம்பினாங்க. முதல் உலகப்போர்ல கோதுமை விலை ஏறினதும் டிராக்டர் போட்டு கோடிக்கணக்கான ஏக்கர் புல்லை புரட்டிட்டாங்க.

1931-ல மழை நின்னுச்சு, விலையும் விழுந்துச்சு, வெறும் மண்ணு மட்டும் கிடந்துச்சு. 1934 மே மாசம் அந்தப் புழுதி நியூயார்க்கைத் தாண்டி அட்லாண்டிக்ல போற கப்பல் மேல விழுந்துச்சு. 1935 ஏப்ரல் 14 ஞாயித்துக்கிழமை பட்டப்பகல்ல கை தெரியாத இருட்டு. பசங்க புழுதி அடைச்சு நிமோனியாவுல செத்தாங்க. சமவெளி மாநிலங்கள்லேர்ந்து சுமார் 25 லட்சம் பேர் கிளம்பிட்டாங்க. அதாவது தாத்தா காலத்துல இலவச நிலம்னு வந்தவங்களோட பேரன் பேத்திங்க அகதியா கலிபோர்னியா போய் அடுத்தவன் தோட்டத்துல பழம் பொறுக்குனாங்க.

விவசாயத்தால ஒரு பூச்சி இனமே அழிஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

ராக்கி மலை வெட்டுக்கிளி. 1874-லயும் 75-லயும் வானத்தை மறைச்சுட்டு வந்து கான்சாஸ், நெப்ராஸ்கா வயலை மொட்டையடிச்சுச்சு. 1902-க்கு அப்புறம் உயிரோட ஒண்ணைக்கூட யாரும் பாக்கல. கூட்டம் இல்லாத காலத்துல அது முட்டை போட்டு ஒதுங்கி இருந்தது மலைப் பள்ளத்தாக்குல ஆத்தோரத்துல, குடியேறினவங்க முதல்ல உழுததும் மாடு விட்டதும் அந்த இடங்களைத்தான், அதனாலதான் அழிஞ்சிருக்கும்னு பூச்சியியலாளர்கள் சொல்றாங்க. திட்டம் போட்டு அழிச்சது இல்ல. ஒரு விவசாயியும் வருத்தப்பட்டிருக்க மாட்டான், ஆனா ஒரு கண்டத்தையே அலைக்கழிச்ச உயிர் 30 வருஷத்துல இல்லாம போச்சு.

நேஷனல் பார்க் வெச்சு இயற்கைய காப்பாத்துனதும் அவங்கதானே?

ஆமா, 1872-ல யெல்லோஸ்டோன், மத்த நாடுங்களுக்கு வழிகாட்டின விஷயம்தான். ஆனா அங்க மலையாட்டை வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி மக்களை வெளியேத்தினாங்க. யோசமிட்டி பள்ளத்தாக்குல 1851-ல ஆயுதப்படை போய் அவானிச்சி மக்களோட கிராமத்தை எரிச்சுச்சு, அதுக்கப்புறம்தான் அது "மனுஷன் காலடி படாத இயற்கை" ஆச்சு. பூங்காவுக்குள்ள மிஞ்சியிருந்த கடைசி பூர்வகுடி கிராமத்தை 1969-ல இடிச்சாங்க. காட்டைக் காப்பாத்துறதுன்னா காட்டுல இருக்கிறவனை வெளியேத்துறதுங்கிற யோசனை அங்கேர்ந்து உலகம் முழுக்க போச்சு, நம்ம ஊர்ல புலிகள் காப்பகத்துல இருக்கிற பழங்குடிங்க இன்னைக்கும் அதோடதான் மல்லுக்கட்டுறாங்க.

செவ்விந்தியர்களும் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சு நிலத்தைப் பிடிச்சவங்கதானே?

சண்டை போட்டாங்க. லக்கோட்டாங்க க்ரோ மக்களை துரத்தித்தான் அந்த வேட்டைக்காட்டைப் பிடிச்சாங்க, அதனாலதான் லிட்டில் பிக்ஹார்ன்ல க்ரோ ஆளுங்க கஸ்டர் பக்கம் வழிகாட்டியா நின்னாங்க. கமாஞ்சிங்க தெற்குல ஒரு பேரரசு மாதிரியே நடத்துனாங்க. அவங்களை புனிதர்களா காட்டுறதும் ஒரு வகையில மரியாதைக் குறைவுதான்.

ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி "அதனால பரவாயில்ல"ன்னு ஒண்ணு இருந்தா அதை ஏத்துக்க மாட்டேன். 1864 நவம்பர் 29-ம் தேதி கொலராடோவுல சேண்ட் க்ரீக்ல ஷயான், அரப்பஹோ மக்கள் அதிகாரிங்க பேச்சை நம்பி அமெரிக்கக் கொடியவும் வெள்ளைக்கொடியவும் ஏத்திட்டு இருந்தாங்க, கர்னல் ஷிவிங்டனோட அமெரிக்கப் படை விடியக்காலையில புகுந்து 150 பேருக்கு மேல கொன்னுச்சு, பெரும்பாலும் பொண்ணுங்க, பசங்க, வயசானவங்க. அவர் படையிலயே கேப்டன் சைலஸ் சோல் சுட மாட்டேன்னு நின்னார், பின்னாடி சாட்சியும் சொன்னார். அன்னைக்கும் இது தப்புன்னு தெரிஞ்சவங்க இருந்தாங்க, "அந்தக் காலத்து நியாயம் வேற"ங்கிற சமாதானம் இங்க நிக்காது.

அப்போ மொத்தத்தையும் இனப்படுகொலைன்னு சொல்லலாமா?

1948 ஐ.நா. ஒப்பந்தப்படி ஒரு இனத்தை முழுசாவோ பகுதியாவோ அழிக்கிற நோக்கம் இருக்கணும். கலிபோர்னியா விஷயத்துல அந்த நோக்கம் எழுத்துலயே இருக்கு, அந்த இனம் அழியற வரைக்கும் போர் நடக்கும்னு முதல் கவர்னர் பீட்டர் பர்னெட் 1851-ல சட்டசபைக்குச் சொன்னார். அங்க எனக்கு தயக்கம் இல்ல. மொத்த விரிவாக்கத்துக்கும் அந்தச் சொல்லு பொருந்துமாங்கிறதுல வரலாற்று ஆய்வாளர்களே ஒத்துப்போகல, சிலர் இனச்சுத்திகரிப்புன்னு சொல்றாங்க. என் கருத்து, இடத்துக்கு இடம் ஆதாரத்தை வெச்சுப் பேசணும்.

பூர்வகுடிப் பசங்களை வீட்டுலேர்ந்து பிரிச்சதையும் இதோட சேக்கணும். 1879-ல கார்லைல்ங்கிற ஊர்ல ஆரம்பிச்சு நூத்துக்கணக்கான போர்டிங் ஸ்கூல், முடிய வெட்டி, பேரை மாத்தி, தாய்மொழி பேசினா அடிச்சாங்க. குறைஞ்சது 973 பசங்க செத்ததை அரசாங்க விசாரணையே 2024-ல சொல்லுச்சு, அந்த வருஷம் அக்டோபர்ல ஜனாதிபதி பைடன் மன்னிப்பு கேட்டார்.

முடிஞ்சுபோன கதைய இப்போ பேசி என்ன ஆகப்போவுது?

முடியல. 1922-ல கொலராடோ ஆத்துத் தண்ணிய ஏழு மாநிலம் பிரிச்சுக்கிட்டப்போ அந்தப் படுகையில இருக்கிற 30 பூர்வகுடி நாடுகளை யாரும் மேஜைக்கு கூப்பிடல, ஆத்துல வர்ற தண்ணியவும் நிஜத்தைவிட அதிகமா கணக்குப் போட்டுட்டாங்க. 1908-ல ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ரிசர்வேஷன்னா அதோட தண்ணியும் சேத்துதான்னு சொல்லியிருக்கு, ஆனா நவஹோ மக்கள்ல மூணுல ஒரு வீட்டுக்குப் பக்கம் இன்னைக்கும் குழாய்த் தண்ணி இல்ல, 2023-ல தண்ணிக்காக அவங்க போட்ட கேஸ் சுப்ரீம் கோர்ட்ல 5-க்கு 4-னு தோத்துச்சு.

ஜெயிச்சதும் உண்டு. கண்ணீர்ப் பாதை முடிஞ்ச ஒக்லஹோமாவுல, கிரீக் மக்களோட ரிசர்வேஷனை காங்கிரஸ் ஒருநாளும் ரத்து பண்ணல, அதனால அது இன்னும் ரிசர்வேஷன்தான்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. யூரோக், காருக், கிளமாத் மக்கள் இருபது வருஷத்துக்கு மேல போராடி கிளமாத் ஆத்துல நாலு டேமை இடிக்க வெச்சாங்க, 2024-ல வேலை முடிஞ்சு சில வாரத்துலயே சால்மன் மேல ஏறி வந்துச்சு. காட்டெருமைய 1992-லேர்ந்து பூர்வகுடி நாடுங்களே ஒரு கூட்டமைப்பா சேந்து தங்களோட நிலத்துக்கு திருப்பிக் கொண்டு வர்றாங்க.

அமெரிக்கா போறேன், இதையெல்லாம் நேர்ல பாக்க எங்க போகலாம்?

கலிபோர்னியான்னா நெவாடா கவுன்ட்டியில மாலக்காஃப் டிக்கின்ஸ் ஸ்டேட் பார்க், தண்ணி பீச்சி கரைச்ச மலை அப்படியே இருக்கு, பாத்துட்டு இறங்கி மேரிஸ்வில் போய் ஆத்துக்கரைய பாருங்க. இல்லினாய்ஸ்ல கஹோக்கியா மேடு, செயின்ட் லூயிஸ்லேர்ந்து பக்கம்தான், மேல ஏறலாம். கொலராடோவோட கிழக்கு ஓரத்துல சேண்ட் க்ரீக், போற வழியில ஊர் குறைவு, பெட்ரோலும் தண்ணியும் முன்னாடியே பாத்துக்குங்க. வாஷிங்டன்ல பூர்வகுடி மக்களுக்கான தேசிய மியூசியம் இருக்கு, டிக்கெட் கிடையாது, ஒப்பந்தங்களைப் பத்தின பகுதி இப்போ இருக்கான்னு பாத்துக்குங்க, இருந்தா அதுக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. எங்க போனாலும் அது இன்னைக்கு எந்த மக்களோட ஊருன்னு முன்கூட்டியே தேடிப் பாத்துட்டு, அவங்களே நடத்துற மியூசியமோ கடையோ பக்கத்துல இருந்தா முதல்ல அங்க போங்க.